முதல் ஸ்டார்ட்டுக்கு நல்ல நேரம் எது?

வண்டி பதில்கள் – வேலூர் பட்டறையிலிருந்து

போன இதழில் சொந்தமாகக் கட்டும் கார்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பிரிட்டனில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னக் காரைப் பாகங்களாகவும் விற்றார்கள், வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்வார் என்று. முழுக் காராக வாங்கினால் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1973-இல் அங்கே வரி முறை மாறி அந்தச் சலுகை போய்விட்டது. ஆனால் அதே வருடம் கேட்டர்ஹாம் கம்பெனி அந்தக் காரின் உரிமையை வாங்கி, அதே உருவத்தில் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு வரிக்கு நம் பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வட ஆற்காட்டில் மாட்டுக் கொட்டகையிலும் போர்ட்டிகோவிலும் இத்தனை பேர் கார் கட்டிக்கொண்டிருக்கிறார்களா! சரி, இந்த இதழ் அவர்களுக்கே. ஏசி, டயர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகனும் நானும் சேர்ந்து சதுரக் குழாயில் சட்டம் அடித்து, பைபர் பாடி போட்டு, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் கட்டியிருக்கிறோம். என்ஜின் பிரிமியர் பத்மினி. முழுதாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் செய்து, கிராங்க் கிரைண்ட் செய்து, புது கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் போட்டுப் பூட்டிவிட்டோம். கார் தாழ்வாக இருப்பதால் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பை நானே வெட்டிக் குறைத்து வெல்டிங் செய்தேன். வரும் வெள்ளிக்கிழமை காலை 9.15 முதல் 10.15 வரை நல்ல நேரம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். பூஜை போட்டு, பேத்தி கையால் சாவி திருப்பலாம் என்று இருக்கிறோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: சார், வெள்ளிக்கிழமை பூஜையை வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியே சாவி திருப்பட்டும். ஆனால் என்ஜினுக்கு அது இரண்டாவது ஸ்டார்ட்டாக இருக்கட்டும். முதல் ஸ்டார்ட்டை வியாழக்கிழமை விடியற்காலையில், நீங்களும் மகனும் மட்டும் இருந்து முடித்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கூட்டம் கூடிவிட்டால் வண்டி எடுக்காதபோது யாரும் நிறுத்திப் பார்க்க விடமாட்டார்கள். "இன்னும் ஒரு தடவ செல்ஃப் அடி மாமா, எடுத்துக்கும்" என்று நாலு பேர் சொல்வார்கள். 10.30-க்கு ராகு காலம் வேறு வந்துவிடும். அந்த அவசரத்தில் அடிக்கும் செல்ஃப்தான் புது கேமுக்கு எமன். வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட், பத்மினியில் அது பிளாக்குக்குள்ளே இருக்கிறது. அதன் மூக்கு தட்டையான டேப்பெட்டின் அடியில் நேராக உரசிக்கொண்டு ஓடும். நடுவில் உருளையும் இல்லை, பேரிங்கும் இல்லை. இரண்டும் புதுசு என்றால் ஒன்றுக்கொன்று பழகி வழவழப்பாகும் வரை அந்த உரசல்தான் என்ஜினிலேயே கடுமையான இடம். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது சிதறித்தான் போகிறது. செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று பக்கம். அந்த வேகத்தில் ஒன்றும் சிதறாது. பூட்டும்போது மூக்கில் தடவிய பசை மட்டும்தான் காப்பு. அடிக்க அடிக்க அது வழிந்துவிடும், அப்புறம் இரும்பும் இரும்பும்தான். ஆகவே நீங்கள் செய்யவேண்டிய வேலை எல்லாம் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் இருக்கிறது. என்ஜின் முதல் சில சுற்றிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்ததும் நேராக நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்துக்குப் போக வேண்டும். அந்த அளவுக்குத் தயார் செய்யாமல் சாவியைத் தொடவே தொடாதீர்கள்.

முதலில் உங்கள் சம்ப். வெல்டிங்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வரவில்லை. வெளிப்பக்கம் சாக்பீஸ் தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்கும் வித்தை உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் கேட்பது உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயைப் பற்றி. சம்ப்பைக் குறைத்தீர்களே, உறிஞ்சியையும் அதற்கேற்பக் குறைத்தீர்களா? சம்ப்பின் தரைக்கும் உறிஞ்சியின் வாய்க்கும் நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஆயில் ஏறாது. ரொம்பத் தூரம் இருந்தால் வளைவில் திரும்பும்போது காற்றை உறிஞ்சும். அளக்க ஒரு சுலப வழி: உறிஞ்சி வாயில் மைதா மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, பழைய கேஸ்கெட் வைத்து சம்ப்பைப் பூட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் இடைவெளி. அளந்த பிறகு மாவை ஒரு துளி விடாமல் துடைத்துவிட வேண்டும். சம்ப்பைக் குறைத்ததால் ஆயில் கொள்ளளவும் குறைந்திருக்கும், பழைய டிப்ஸ்டிக் கோடு இனி பொய் சொல்லும். லிட்டர் கணக்கில் ஊற்றிப் பார்த்துப் புதுக் கோடு போடுங்கள்.

ஆயில் சாதாரண மினரல் ஆயில், 20டபிள்யூ-40 போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம், பிஸ்டன் ரிங் பழகட்டும். தட்டை டேப்பெட்டுக்குத் துத்தநாகக் கலவை நிறைய உள்ள ஆயில் நல்லது. இன்றைய புதுப் பெட்ரோல் கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். டீசல் வண்டிகளுக்கு விற்கும் 15டபிள்யூ-40, சிஐ-4 தரத்தில் அது அதிகம். லாரிக்காரர்கள் வாங்கும் டப்பா என்று முகம் சுளிக்காமல் முதல் ஓட்டத்துக்கு மட்டும் அதை ஊற்றுங்கள், அதற்கப்புறம் 20டபிள்யூ-40.

அடுத்தது ஆயில் ஏற்றுதல். ஆயில் பம்ப்பை உலர்ந்தபடியே பூட்டியிருந்தால் அது முதலில் காற்றைத்தான் கடையும். பூட்டும்போதே பம்ப்பின் பல்சக்கரங்களுக்கு நடுவில் வாசலின் நிரப்பியிருக்க வேண்டும். கிரீஸ் கூடாது, அது கரையாமல் போய் வழியை அடைக்கும். இப்போது நாலு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஹெட் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் மூடியைத் திறந்து வையுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பிளக் இல்லாததால் என்ஜின் இலகுவாகச் சுற்றும், பேரிங்குக்கும் பாரம் இல்லை. 10 வினாடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி 10 வினாடி. இதுவும் கேமின் பசையைக் கொஞ்சம் தின்னும், அதனால் தேவைக்கு மேல் ஒரு தடவைகூட அடிக்காதீர்கள். மகன் ஆயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கட்டும், நீங்கள் ராக்கரைப் பாருங்கள். கேஜ் முள் எழுந்து, எல்லா ராக்கரிலும் ஆயில் கசிவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வேலை. ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தால் வழி எங்கேயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். போர் செய்து வந்த பிளாக்கில் இரும்புத்தூள் தங்குவதும், பழைய கேஸ்கெட் பசை ஓட்டையில் இறங்குவதும் சகஜம். கேஜ் என்று சொன்னது செப்புக் குழாய் வழியாக நேரே ஆயில் வந்து முள்ளை நகர்த்தும் பழைய ரகம். சிவப்பு விளக்கை நம்பி முதல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது எரியும்போது பாதி சேதம் முடிந்திருக்கும்.

இதுவரை சொன்னது எந்தப் பத்மினிக்கும் பொருந்தும். கட்டிய கார் என்பதால் மட்டும் வரும் தொல்லைகள் தனி, எனக்கு அதிகப் பயம் அங்கேதான்.

ஒன்று, எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. கம்பெனிக் காரில் பாடி முழுக்கத் தகரம், எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும். பைபரில் கிடைக்காது. உங்கள் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்திருந்தால் அந்த வண்ணமும் கரண்ட்டைக் கடத்தாது. என்ஜினோ ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து சட்டத்துக்கு ஒரு தடித்த கேபிள், சட்டத்திலிருந்து என்ஜினுக்கு இன்னொரு தடித்த கேபிள், போல்ட் உட்காரும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூட்ட வேண்டும். அந்த இரண்டாவது கேபிளை மறந்தால் செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். அந்த மெல்லிய கம்பி சிவக்கச் சூடாகிப் புகைவதைப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் எர்த்தை மறக்க மாட்டார்கள்.

இரண்டு, தண்ணீர். தாழ்ந்த மூக்குக் காரில் ரேடியேட்டர் மூடி என்ஜின் ஹெட்டைவிடக் கீழே போய்விடும். மூடி வழியாக ஊற்றினால் ரேடியேட்டர் நிரம்பிவிட்டது போலத் தெரியும், ஹெட்டுக்குள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும். ஹெட்டைவிட உயரத்தில் தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்து அங்கிருந்து ஊற்றுங்கள். ஹீட்டர் குழாய் வாய் இருந்தால் அதைத் திறந்து காற்றை விடுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் காற்று சீக்கிரம் வெளியேறும். பத்மினிக்கு அலுமினிய ஹெட், ஒரு தடவை சூட்டில் வளைந்தால் மறுபடி பட்டறைதான்.

மூன்று, சைலன்சர் குழாய். நீங்களே வளைத்துப் பற்றவைத்த குழாய் பைபருக்கும் பிரேக் பைப்புக்கும் எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பானெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது உத்தமம்.

டைமிங்குக்கு, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்துக்கு, வருவோம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. அதனால் புல்லியில் குறி சரியாக நிற்பதைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் விரலை வைத்து, கையால் என்ஜினைத் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் சுற்றில் குறி நேராக வந்தால்தான் அது பிஸ்டன் உச்சியில் நிற்கும் சரியான மேல் நிலை. பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் அப்போது ஒன்றாம் பிளக் ஒயரைப் பார்க்க வேண்டும். மீதி 1-3-4-2 வரிசை. இது தலைகீழாகப் போனால் கார்பரேட்டர் வாயில் தீ துப்பும். பாயின்ட், அதாவது சேர்ந்து பிரியும் தொடுமுனை, போட்ட டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, குறி மேல் நிலைக்குச் சில டிகிரி முன்னால் இருக்கும்படி கிராங்க்கை நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பாயின்ட் பிரியும் நொடியில் பல்பு எரியும். அங்கே இறுக்குங்கள். என்ஜின் பிடித்துக்கொள்ள இது போதும், துல்லியமெல்லாம் அப்புறம்.

காலி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து வர மெக்கானிக்கல் பம்ப்புக்கு எத்தனை சுற்று ஆகும்? அத்தனை சுற்றும் கேமின் பசையில் கழியும். அதனால் ஊசி போடாத சிரிஞ்சால் கார்பரேட்டர் தொட்டியை நேரடியாக நிரப்பிவிடுங்கள்.

இப்போது நியூட்ரல், ஹேண்ட் பிரேக், நாலு சக்கரத்துக்கும் செங்கல். கிளட்சை மிதிக்காதீர்கள், மிதித்தால் கிராங்க்கின் பக்கவாட்டு வாஷர் மேல் பாரம் ஏறும். சோக் இழுத்து, சாவி. பிடித்ததும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் இல்லாமல் மெதுவாக, ஓட விடாமல் 2000 சுற்றுக்குக் கொண்டுபோங்கள். ஐந்து வினாடிக்குள் ஆயில் முள் எழவில்லையா, உடனே அணையுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. முள் எழுந்துவிட்டால் 1500-க்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம் ஓட்டுங்கள். ஒரே வேகத்திலேயே ஓட விட்டு வைக்காதீர்கள். நிற்கும் காருக்குக் காற்று வராது. நம் வெயிலில், அதுவும் கத்திரி நாளில், 20 நிமிடம் தாங்காது. விடியற்காலை என்று நான் சொன்னது அதற்காகத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் வீட்டு பெடஸ்டல் ஃபேனைப் பெரிய வேகத்தில் வையுங்கள். சூடு எல்லை தாண்டினால் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மீதி நிமிடங்களை அப்புறம் ஓட்டலாம்.

குழாயிலிருந்து வெண்புகை, எரிந்த நாற்றம், நீலப்புகை எல்லாம் முதல் சில நிமிடம் வரத்தான் செய்யும். பூட்டும்போது தடவியதெல்லாம் எரிகிறது. தடதடவென்று தாளம் போடும் சத்தம் வந்தால் மட்டும் அணையுங்கள். டிக்டிக் என்ற மெல்லிய டேப்பெட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

20 நிமிடம் முடிந்து என்ஜின் ஆறியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஊற்றி அரை மணிகூட ஓடவில்லையே என்று மனசு கேட்காது, கேட்க வேண்டாம். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு கொஞ்சம் ஒட்டினால் இயல்பு. கையில் நெருடும் துகள் வந்தால் கேமைப் பார்த்தே ஆக வேண்டும். குளிர்ந்த என்ஜினில் டேப்பெட் இடைவெளியை மறுபடி வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை பேத்தி சாவி திருப்பியதும் சட்டென்று எடுக்கும், சொந்தக்காரர்கள் கை தட்டுவார்கள். ஒரு விஷயம், கற்பூரத் தட்டைப் பானெட் இல்லாத என்ஜின் பக்கம் காட்டாதீர்கள். ஆரத்தியை முன் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பத்மினி என்ஜின் பற்றி ஒரு வார்த்தை. 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1089 சிசி. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இந்த என்ஜினை வைத்து என்ன பாடெல்லாம் படுத்தினார்கள்! அத்தனையும் தாங்கியது. ஆயில் இருந்தால் எதையும் தாங்கும் என்ஜின் அது. நல்ல தேர்வு, சார்.

கேள்வி: என் கணவர் போர்ட்டிகோவில் கார் கட்டுகிறேன் என்று ஆரம்பித்து, வீட்டுக்குள் வரும் விருந்தாளிகள் கொல்லைப்புறம் வழியாக வரும் நிலைமை ஆகிவிட்டது. அடுத்த மாதம் என்ஜினை ஸ்டார்ட் செய்யப் போகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா? (குடியாத்தம் வாசகி)

பதில்: குழந்தைகளை அனுப்பிவிடுங்கள் அம்மா. நீங்கள் இருங்கள். உங்களைவிட நல்ல ஆள் அவருக்குக் கிடைக்க மாட்டார். கட்டியவர் கண் என்ஜின் மேல் இருக்கும், கேஜ் மேல் இருக்காது. கேஜைப் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்குச் சாவியைத் திருப்பி அணைக்கும் அதிகாரமும் வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முள் எழவில்லை என்றால் அவர் "இரு இரு" என்று சொன்னாலும் நீங்கள் அணைத்துவிடுவீர்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. காரைப் போர்ட்டிகோவிலிருந்து வெளியே திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் சைலன்சர் வாய் வாசல் பக்கம் பார்க்கட்டும், வீட்டு ஜன்னல்களைச் சாத்துங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் 20 நிமிடம் ஓட்டினால் ஆளையே சாய்த்துவிடும். கேஸ் சிலிண்டர் சமையலறையில் ரெகுலேட்டர் மூடியபடி இருக்கட்டும். பைபர் பிசின் டப்பா, தின்னர், மிச்சப் பெட்ரோல் கேன், இவை எல்லாவற்றையும் முந்தின நாளே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைபர் பாடியே எரியும், அதை மறக்காதீர்கள்.

ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி வையுங்கள், அதன் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் வாளி நிறைய மணல், நனைத்துப் பிழிந்த சாக்கு. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ மிதந்து பரவும். கார்பரேட்டர் வாயில் சின்னதாகத் தீ துப்பினால் செல்ஃபைத் தொடர்ந்து அடித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே சாக்கைப் போட்டு மூடலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் தீயணைப்பான். பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவர் இன்னும் வைக்கவில்லை என்றால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். துப்பட்டா, முந்தானை, பின்னல் எல்லாம் ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். அவருடைய வேட்டிக்கும் இது பொருந்தும்.

விருந்தாளிகள் கொல்லைப்புறம் வழியாக வருவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: என்னுடைய பழைய மாருதி ஜிப்சியின் என்ஜினைச் செய்து கொடுத்த பட்டறையில், "ரிங் உட்காரணும்" என்று ஒரு பகல் முழுக்க ஐடிலில் ஓடவிட்டார்கள். இப்போது ஆயில் குடிக்கிறது. ஏறும்போது நீலப்புகை வருகிறது. என்ன செய்வது? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பெரிய லாரி என்ஜினை ஓடவிட்டுக் கசிவு பார்ப்பார்கள், அதைப் பார்த்து எல்லாரும் எல்லா என்ஜினுக்கும் செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் ரிங் ஐடிலில் உட்காராது. புதுசாக ஹோன் செய்த, அதாவது கல்லால் உரைத்த, சிலிண்டர் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். ரிங்கை அந்தச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். பாரம் இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை. ரிங் சும்மா மேலே வழுக்கிக்கொண்டே ஓட, ஆயில் சூட்டில் பட்டு அந்தக் கோடுகளை நிரப்பி, சுவர் பளிங்காகிவிடும். அதன் பிறகு ரிங் பிடிக்காது, ஆயில் மேலே ஏறும்.

உங்கள் வண்டிக்குப் பதிவு இருக்கிறது, ரோட்டில் ஓட்டலாம், அது நல்லது. உடனே பிரித்துவிடாதீர்கள். என்ஜின் சூடான பிறகு மூன்றாம் கியரில் 40-இலிருந்து 70 கிலோமீட்டர் வேகம் வரை அரை ஆக்சிலேட்டரில் ஏற்றுங்கள், அப்புறம் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்க விடுங்கள். திரும்பத் திரும்ப. ஏற்றத்தில் ரிங் அழுந்தும், இறக்கத்தில் வெற்றிடம் ஆயிலைச் சுவரில் இழுத்துத் தூளைக் கழுவும். உங்கள் ஊரிலிருந்து ஏலகிரி எவ்வளவு தூரம்? 14 கொண்டை ஊசி வளைவு, ஏறவும் இறங்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டாம் மூன்றாம் கியரில், ரொம்ப முறுக்காமல், ரொம்பத் திணறவும் விடாமல் ஏறுங்கள். ஆயில் அளவை ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

1000 கிலோமீட்டர் ஓடியும் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு பக்கம் அல்லது கேஸ்கெட். ரிங் என்றால் மறுபடி ஹோன் செய்து புது ரிங் போட வேண்டியதுதான். போர் கெட்டிருக்காது.

கேள்வி: செல்ஃப் மோட்டார் இன்னும் வாங்கவில்லை. என்ஜின் ரெடி. நண்பர்கள் நாலு பேர் தள்ளினால் எடுத்துக்கொள்ளாதா? (ஆரணி வாசகர்)

பதில்: எடுத்துக்கொள்ளும். செய்யாதீர்கள். ஆயில் ஏற்ற செல்ஃப் வேண்டும், மேலே வாலாஜா சாருக்குச் சொன்னதைப் படியுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது புது பேரிங்குகளில் முதல் உதையே பாரத்தோடு விழுகிறது. போதாததற்கு, இதுவரை பிரேக்கே சோதிக்காத ஒரு காரில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: நாங்கள் காட்பாடியில் பொறியியல் படிக்கும் மாணவர்கள். சட்டம், பாடி, எல்லாம் சொந்தமாக. என்ஜின் பழைய பத்மினியினுடையது, அதன் ஆர்.சி. புத்தகமும் எங்களிடம் இருக்கிறது. அந்த நம்பரிலேயே ரோட்டில் ஓட்டலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரியா? (காட்பாடி மாணவர்)

பதில்: சரியில்லை தம்பி. அந்த ஒருவரிடமிருந்து தள்ளியே இருங்கள். ஆர்.சி. என்பது என்ஜினுக்கு மட்டும் கொடுத்தது இல்லை, சேசிஸ் எண்ணோடு சேர்ந்தது. நீங்கள் குழாயில் அடித்த சட்டம் அந்த சேசிஸ் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. புதுசாக ஒரு வாகன மாதிரியைக் கொண்டுவர 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதிப்படி, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பின் சான்று வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் கம்பெனிகளுக்கான வழி, ஒரே ஒரு கார் கட்டுகிறவர் தாங்கும் செலவு இல்லை.

பிரிட்டனில் தனி ஆள் கட்டிய காரைச் சோதித்துப் பதிவு கொடுக்கத் தனி முறையே வைத்திருக்கிறார்கள். விளக்கின் உயரத்திலிருந்து கூர்மையான முனை வரை அளந்து பார்த்து அனுப்புவார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. அது வரும் வரை உங்கள் காருக்குக் கல்லூரி மைதானம், சொந்த நிலம், அனுமதி வாங்கிய மூடிய ஓடுபாதை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது, ஓட்ட முடியுமா என்று முறையாகக் கேட்டுப் பாருங்கள். சென்னை பெங்களூரு ரோட்டில் "ஒரே ஒரு ரவுண்டு" என்று மட்டும் இறங்காதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடையாது, அடிபட்டவருக்குக் கொடுக்க உங்கள் அப்பாவிடம் பணம் இருக்க வேண்டும்.

கேள்வி: என்ஜின் பூட்டி முடித்து ஏழெட்டு மாதம் ஆகிறது. அப்போதே டேங்கில் 5 லிட்டர் பெட்ரோல் ஊற்றிவிட்டேன். அதிலேயே ஸ்டார்ட் செய்யலாமா? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் படியும், முதலில் கார்பரேட்டருக்குப் போவது அதுதான். வண்டி எடுக்காது, நீங்கள் டைமிங்கைக் குறை சொல்வீர்கள். மொத்தமும் வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் இவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். டேங்க் சொந்தமாகப் பற்றவைத்தது என்றால் உள்ளே வெல்டிங் தூசு இருக்கும், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யும் அன்று காலையில் 3 லிட்டர் புதுப் பெட்ரோல் வாங்கினால் போதும். எட்டு மாதம் சும்மா இருந்த என்ஜின் என்பதால், ஆயில் ஏற்றும் வேலையையும் முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள். போன வருடம் ஏற்றியது எல்லாம் சம்ப்பில் இறங்கியிருக்கும்.